கீழே விழுந்துட்டேன் சார்

என் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் முழுசாக மடங்காது. டீ கிளாஸைப் பிடிக்கலாம். டார்க் ரெஞ்ச்சைப் பிடித்து இழுக்க முடியாது. அதனால் லைனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது போல்ட் எண்ணுகிறேன், சீட்டு எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் முன்னால் இந்த ரெண்டு விரலுக்காக அரசாங்கம் என் வங்கிக் கணக்கில் பணம் போட்டது. எவ்வளவு என்று சொல்லப்போவதில்லை. என் மச்சானும் இந்த வலைப்பதிவைப் படிக்கிறான், கடன் கேட்பான். பைக் வாங்குகிற அளவுக்கு இல்லை, ஆறு மாத வாடகைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்ததும் கேன்டீனில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "வெட்டுனவன் எவனோ, கவர்ன்மென்ட் ஏன்டா உனக்குப் பணம் தரணும்?" நியாயமான கேள்விதான். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. அதற்குப் பதில் தேடித்தான் இந்த நீளப் பதிவு.

நடந்தது 2024 அக்டோபரில், சம்பளம் வந்த மறுநாள் ராத்திரி. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக்கில் உட்கார்ந்திருந்த நேரம். பி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மாத்தூர் பக்கம் என் ரூமுக்குக் குறுக்கு வழியில் பத்து நிமிட நடை. ஒரு பக்கம் காம்பவுண்டுச் சுவர், இன்னொரு பக்கம் பிளாட் போட்டுக் கல் நட்ட வெறும் நிலம், நடுவில் எரியாத தெருவிளக்குகள். இந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இருட்டு தெரியும். ஆறுவழிச் சாலையில் கன்டெய்னர் லாரி வெளிச்சம் கண்ணைக் கூசும். அதிலிருந்து நூறடி உள்ளே வந்தால் கைபேசி டார்ச் வேண்டும்.

பைக்கில் ரெண்டு பேர். "அண்ணே, டைம் என்ன?" என்றான் ஒருத்தன். இந்தக் காலத்தில் டைம் கேட்கிறவன் யார் என்று அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். போனைப் பிடுங்கினான், நான் விடவில்லை. இன்னும் ஒன்பது இ.எம்.ஐ பாக்கி இருந்த போன். பின்னால் இருந்தவன் கத்தியை வீசினான். வலி உடனே தெரியவில்லை. கை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

108-இல் அரசு மருத்துவமனைக்குப் போனோம். கூட வந்த ரூம்மேட் ஆம்புலன்ஸிலேயே காதில் ஓதினான்: "அண்ணே, கீழே விழுந்து கண்ணாடி குத்திடுச்சுன்னு சொல்லிடு. வெட்டுன்னு சொன்னா போலீஸ் கேஸாயிடும், ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையணும், லீவு போயிடும்." அவனைக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்தில் அடிபட்டவர்களுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் அறிவுரை அதுதான். பைக் ஆக்சிடென்ட் என்று சொல், பாத்ரூமில் வழுக்கிட்டேன் என்று சொல், எதையாவது சொல், அடிச்சாங்க என்று மட்டும் சொல்லாதே.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் அம்மா ஒரு பெரிய நோட்டைத் திறந்தார். "என்னப்பா ஆச்சு?"

நான் "கீழே..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் தலையைத் தூக்காமலேயே சொன்னார்: "விழுந்தா இப்படி நேர்கோடா வெட்டு விழாது. யார் வெட்டுனது? தெரிஞ்சவனா, தெரியாதவனா?"

தெரியாதவங்க, ரெண்டு பேர், கத்தி, இத்தனை மணி, இந்த இடம். சொன்னதை அப்படியே எழுதினார். அந்த நோட்டுக்குப் பெயர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர். ஏ.ஆர். என்பார்கள். போலீஸ், கோர்ட், இழப்பீடு, இன்சூரன்ஸ் என்று பின்னால் வந்த எல்லாக் கதவுக்கும் அந்த ராத்திரி எழுதிய நாலு வரிதான் சாவி. நான் வாக்கியத்தை முடிக்கவிடாமல் தடுத்த அந்த டாக்டரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஏன் அந்த நாலு வரி அவ்வளவு முக்கியம்? இழப்பீடு கேட்டு நாம் எழுதும் மனு நாம் சொல்வது மட்டும்தான். குற்றம் நடந்த உடனே, பணம் கிடைக்கும் என்ற நினைப்பே இல்லாத நேரத்தில், மூன்றாவது மனிதர் ஒருவர் எழுதிவைத்தது ஏ.ஆர். அதில் 'வழுக்கி விழுந்தார்' என்று இருந்து, பத்து நாள் கழித்து எஃப்.ஐ.ஆரில் 'கத்தியால் வெட்டினார்கள்' என்று வந்தால், விசாரிப்பவர் எதை நம்புவார்?

போலீஸ் ஸ்டேஷன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை, நான் இந்த ஊரில்தான் இன்னும் இருக்கிறேன். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். நம்ம ஊரில் முக்கால்வாசிப் பேர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து மடித்து பர்ஸில் வைத்துக்கொள்கிறோம். அது புகார் வந்து சேர்ந்ததற்கான ரசீது, அவ்வளவுதான். அப்புறம் இடம் எங்கள் எல்லையா, பக்கத்து ஸ்டேஷன் எல்லையா என்று ஒரு விவாதம் நடந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. எஃப்.ஐ.ஆர். நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. கட்டுப் போட்ட கையோடு மூன்று தடவை போனேன், நாலாவது தடவை ஊரிலிருந்து சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன், எஃப்.ஐ.ஆர். வந்தது. சித்தப்பா செய்யாறு பக்கம் வி.ஏ.ஓ.வாக இருந்து ரிடையர் ஆனவர். அரசு அலுவலகத்தில் எப்படி நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்பது தெரிந்தவர்.

அந்தப் பையன்கள் கிடைக்கவில்லை. போனும் கிடைக்கவில்லை. கொஞ்ச மாதம் கழித்து ஸ்டேஷன் ரைட்டர், "தம்பி, ஆள் சிக்கலை, கேஸ் அன்டிடெக்டட்தான்" என்றார். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முடியவில்லை என்று சொன்னது கோர்ட் வளாகத்தில் சந்தித்த ஒரு அம்மா. வட்ட சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராக இருப்பவர். நான் போயிருந்தது வேறு வேலைக்கு, ரூம்மேட்டின் வண்டி அபராதம் கட்ட. என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், நானும் சொன்னேன். "குத்தவாளி கிடைக்கலைன்னா என்ன? நீங்க கிடைச்சிருக்கீங்களே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சட்டம் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். பி.என்.எஸ்.எஸ். 396-ஆவது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க ஒவ்வொரு மாநில அரசும் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 2013-இல் வந்த பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம். வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம் பரிந்துரைத்தால், எவ்வளவு என்பதை சட்டப் பணிகள் ஆணைக்குழு முடிவு செய்யும். என் மாதிரி ஆட்களுக்கு உயிர் கொடுப்பது அதே பிரிவின் நான்காவது உட்பிரிவு. குற்றவாளியைக் கண்டுபிடிக்கவோ அடையாளம் காணவோ முடியாமல், விசாரணையே நடக்காமல் போனாலும், பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரிந்தால், அவரே நேரடியாக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுப் போடலாம். ரைட்டர் 'அன்டிடெக்டட்' என்று முடித்த இடத்தில்தான் இந்த உட்பிரிவு ஆரம்பிக்கிறது.

இதற்கு வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், சம்பளச் சீட்டு, வேலைக்குப் போகாத நாட்களுக்கு கம்பெனி கொடுத்த கடிதம், ஆதார், பாஸ்புக் இருந்தால் போதும். இதில் காயச் சான்று பற்றி ஒரு வார்த்தை. அதில் 'சாதாரண காயம்', 'கொடுங்காயம்' என்று ரெண்டே வகை. எலும்பு முறிந்தால் கொடுங்காயம். பல் விழுந்தால்கூட கொடுங்காயம். இன்னொரு அளவுகோல், எத்தனை நாள் கடும் வலியில் இருந்தீர்கள் அல்லது அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் கிடந்தீர்கள் என்பது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 20 நாள். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 15 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். அடிபட்டவனுக்கு இது நல்ல மாற்றம். ஆனால் பத்தாவது நாளே "பரவாயில்லை சார், வந்துடறேன்" என்று ஷிப்டுக்குப் போய் நிற்கிற நம்ம ஆட்களுக்கு அந்தப் பதினைந்து நாளும் ஆடம்பரம். கான்ட்ராக்ட்டில் இருப்பவன் பதினைந்து நாள் படுத்தால் பதினாறாவது நாள் அவன் இடத்தில் வேறொருத்தன் நிற்பான்.

மனுப் போட்ட பிறகு ஆணைக்குழு போலீஸிடம் அறிக்கை கேட்கும், நம்மைக் கூப்பிட்டு விசாரிக்கும். ரெண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கு அதைவிட ரொம்ப அதிகமாக ஆனது. வேறு எங்கிருந்தாவது பணம் வாங்கினீர்களா என்று கேட்டார்கள், ஈ.எஸ்.ஐ.யில் வந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். உடனடிச் செலவுக்கு இடைக்கால நிவாரணம் கேட்கவும் இதே 396-இல் வழி இருக்கிறது. அந்த ஆரம்ப நாட்களில் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தால், அம்மாவின் கம்மலை அடகுக் கடைக்குக் கொண்டு போயிருக்க மாட்டேன்.

ஈ.எஸ்.ஐ. என்றதும் ஒரு கிளைக்கதை. அது தொழிலாளர் காப்பீடு, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு உண்டு, எனக்கும் இருந்தது. பிரச்சினை என்னவென்றால், இது வேலையில் ஏற்பட்ட காயமா, வெறும் உடம்புக்கு முடியாமல் போனதா? முதலாவது என்றால் சம்பளத்தில் 90 சதவீதம், இரண்டாவது என்றால் 70. "கம்பெனி கேட்டுக்கு வெளியே, பஸ்ஸை விட்டு இறங்கின பிறகு, ரவுடிப் பசங்க வெட்டுனது எப்படி வேலைக் காயமாகும்?" என்றார்கள். 2010-இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்த 51-ஈ பிரிவு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தையும் வேலைக் காயமாக எடுத்துக்கொண்டது, நேரமும் இடமும் பொருந்தி வந்தால். ஆனால் கத்திக்குத்து விபத்தாகுமா? 2000-இல் ரீட்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆட்டோவைத் திருட வந்தவர்கள் டிரைவரைக் கொன்றதை விபத்து மரணமாகவே பார்த்தது. அவர்கள் நோக்கம் ஆட்டோ, கொலை அதன் வழியில் நடந்தது என்பது தர்க்கம். என் கேஸில் அவர்கள் நோக்கம் போன், விரல் அதன் வழியில் போனது. இதை நான் வாதாடி ஜெயித்தேன் என்று எழுத ஆசைதான். இல்லை, 70-ஐ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்போது என்னிடம் சக்தி இல்லை.

சரி, கேன்டீன் கேள்விக்கு வருவோம். அரசாங்கம் ஏன் தரணும்?

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. கன்றை இழந்த பசு மணியை அடித்தது, ராஜா தன் மகனையே தேர்க்காலில் இட்டான். கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். எல்லோரும் ராஜாவைத்தான் பாராட்டுகிறோம். அந்தப் பசுவுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் சாமி வந்து கன்றை எழுப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, தண்டனையால் அது முடியவில்லை. நம்ம நீதிமன்றங்களும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தன. குற்றவாளி, அரசு என்று ரெண்டு பேருக்கு நடுவில் நடக்கும் வழக்கு. அடிபட்டவன் சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மாற்றி யோசித்த முதல் நாடு நியூசிலாந்து. 1963-இல் சட்டம் போட்டது. அடுத்த வருஷம் பிரிட்டன். அடிப்படை எண்ணம் எளிமையானது: ஆயுதம் வைத்துக்கொள்ளாதே, நீயே பழிவாங்காதே, பாதுகாப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வரி வாங்குவது அரசு. பாதுகாப்பு தவறிய இடத்தில் நஷ்டத்தில் ஒரு பங்கை அது ஏற்க வேண்டாமா? ஐ.நா. 1985-இல் இதற்கென்று ஒரு பிரகடனமே நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் பாதிக்கப்பட்டோருக்கு உதவ 1995-லேயே ஒரு நிதி ஏற்படுத்தியிருந்தார்கள். நாடு முழுக்க சட்டமாக 357-ஏ அமலுக்கு வந்தது 2009 டிசம்பர் 31-இல். வருஷக் கடைசி நாளில் வந்ததாலோ என்னவோ, யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

பெண்களுக்கு இதில் தனித் திட்டம் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஹாஸ்டல்களில் தங்கி ஷிப்ட் பஸ்ஸில் போய்வரும் ஆயிரக்கணக்கான தங்கச்சிகள் இருக்கும் பகுதி இது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2018-இல் தயாரித்து, உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட திட்டம் அது. பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம், ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். கொடுங்காயத்துக்கும், மறுவாழ்வு உதவி தேவைப்படும் மனப் பாதிப்புக்கும் 1 முதல் 2 லட்சம். மனப் பாதிப்பு என்று தனியாக எழுதியிருப்பதை கவனியுங்கள். மனுப் போட மூன்று வருஷ அவகாசம் உண்டு. ஆசிட் வீச்சைப் பொறுத்தவரை, 2013 ஜூலையில் லக்ஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் குறைந்தது 3 லட்சம், அதில் ஒரு லட்சம் 15 நாளில் என்று உத்தரவிட்டது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போன காரைக்கால் பெண் ஒருவர் ஆசிட் வீச்சில் வெந்து, மூன்று மாதம் போராடி இறந்தது அதே வருஷம் பிப்ரவரியில்தான். தனியார் ஆஸ்பத்திரியானாலும் பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு இரண்டிலும் இலவசமாக சிகிச்சை தந்தே ஆகவேண்டும், 397-ஆவது பிரிவு. பணம் கட்டினால்தான் தொடுவோம் என்று சொன்னால் அது குற்றம்.

தாக்கப்பட்டவர் எஸ்.சி., எஸ்.டி. சமூகத்தவராக இருந்து, தாக்கியவர் அந்தச் சமூகத்தவர் அல்லாமல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானால் அதற்கு வேறு பாதை. எஃப்.ஐ.ஆர். போட்டதும் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை தாக்கலானதும் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுப்பார்கள். அதைத் தனிப் பதிவாகத்தான் எழுத வேண்டும்.

இனி, கஞ்சாம் பையன்.

ஒடிசாவில் கஞ்சாம் மாவட்டத்துக்காரன். ஊர்ப் பேர்தான் அப்படி, பையன் தாராளமானவன், சம்பளம் வந்தால் லைனுக்கே சமோசா வாங்குவான். எனக்கு நடப்பதற்கு ஒரு மாதம் முன்னால், கிட்டத்தட்ட அதே பாதையில், அவன் பின்மண்டையில் அடித்துவிட்டுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கான்ட்ராக்டர் ஆள் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனார். பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று சொல்லித் தையல் போட்டார்கள். போலீஸ் இல்லை, ஏ.ஆர். இல்லை. 2023 ஆரம்பத்தில் வடநாட்டுத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகார் அரசு அதிகாரிகளையே அனுப்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கலாம். அதிலிருந்து ஒரு விசித்திரமான கூச்சம் வந்துவிட்டது. நிஜமாகவே ஒருத்தன் அடிபட்டாலும், வெளியே சொன்னால் ஊர்ப் பேர் கெடும், பெரிய விஷயமாகிவிடும் என்று ரெண்டு பக்கமும் அமுக்கிவிடுகிறார்கள். போன் பறிக்கிறவன் பாஷை பார்த்தா பறிக்கிறான்? சம்பளத் தேதியைத்தான் பார்க்கிறான்.

பையனுக்குத் தலைசுற்றல் நிற்கவில்லை. மூன்றாவது வாரம் ஊருக்கு ரயிலேறிவிட்டான்.

பணம் வந்த அன்றைக்கு அவனுக்குப் போன் செய்தேன். பழைய நம்பர் எடுக்கவில்லை, அவன் ஊர்க்காரன் ஒருத்தன் மூலம் புது நம்பர் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன். என் இந்தி அவனுக்குப் புரியாது, அவன் தமிழ் எனக்குப் பாதி புரியும். இப்போதுகூட புகார் கொடுக்கலாம்டா, உங்க ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம், அவங்க பதிந்து இங்கே அனுப்பணும், தாமதத்துக்குக் காரணம் எழுதணும், அந்தக் கிளினிக் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். 15100-க்குப் போன் போட்டால் சட்ட உதவி ஆட்கள் பேசுவார்கள் என்றேன்.

"சீட்டு இருக்கு அண்ணா. ஆனா அதுல பாத்ரூம்ல விழுந்தான்னு இருக்கு" என்றான்.

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. பின்னால் ஒரே இரைச்சல். என்னடா சத்தம் என்றேன். சூரத்தில் தறி ஓட்டுகிறானாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஊருக்கு எப்போது போவாய் என்று கேட்டேன். தீபாவளிக்குத்தான் லீவு தருவார்கள் என்றான்.